தில்லி முதல் சென்னை வரை: எவ்வளவு தூரம்? எவ்வளவு நேரம்?

1. போன் வந்தது

செல்வி தில்லியில் வசிக்கிறாள். மூன்று வீடுகளில் வேலை செய்கிறாள். அவள் கணவன் முருகன். ஒரு கடையில் சரக்கு ஏற்றி இறக்கும் வேலை அவனுக்கு. மகள் கவிதா 9ஆம் வகுப்பு படிக்கிறாள். செல்விக்குச் சொந்த ஊர் விழுப்புரம் பக்கம்.

செல்வி சின்ன வயதில் பள்ளிக்குப் போகவில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான் மாலை வகுப்பில் சேர்ந்தாள். இப்போது எழுத்துக் கூட்டிப் படிப்பாள். கூட்டல், கழித்தல் கணக்குப் போடுவாள்.

அன்று புதன்கிழமை. பிற்பகல் 3 மணி. செல்வியின் தம்பி போன் செய்தான்.

"அக்கா, அம்மா கொல்லையில வழுக்கி விழுந்துட்டாங்க. இடுப்பு எலும்பு உடைஞ்சிருக்கு. விழுப்புரத்துல ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கோம். நாளைக்குக் காலையில 10 மணிக்கு ஆபரேஷன்."

செல்விக்குக் கை நடுங்கியது.

"அம்மா என்ன சொல்றாங்க?"

"உன்னைப் பார்க்காம உள்ளே போகமாட்டேன்னு அழுறாங்க. சர்க்கரை வேற இருக்கு இல்லையா? பயப்படுறாங்க. எப்படியாவது வந்துடு அக்கா."

"வர்றேன்னு சொல்லு" என்றாள் செல்வி.

சொல்லிவிட்டாள். ஆனால் எப்படிப் போவது? தில்லி எங்கே? விழுப்புரம் எங்கே?

2. ரயிலா? விமானமா?

முருகன் ஓடி வந்தான்.

"தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் இருக்கே, செல்வி. ராத்திரி புறப்படும். எப்படியாவது ஏறிடலாம்" என்றான்.

கவிதா கணக்குச் சொன்னாள்.

"அப்பா, அந்த ரயில் சென்னை போய்ச் சேர 33 மணி நேரம் ஆகும். இன்னைக்குப் புதன் ராத்திரி. சென்னை போறது வெள்ளிக்கிழமை காலையில. ஆபரேஷன் வியாழக்கிழமை காலையில."

முருகன் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். ரயிலில் போனால் பயன் இல்லை.

பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார்: "விமானத்துல போகலாமே. 3 மணி நேரம்கூட ஆகாது."

கவிதா போனில் தேடினாள். இரண்டு விமானங்களில் இடம் இருந்தது.

ஒன்று, அன்று இரவு 9.30 மணிக்குப் புறப்படுவது. கட்டணம் 7,800 ரூபாய்.

மற்றொன்று, மறுநாள் காலை 6 மணிக்குப் புறப்படுவது. கட்டணம் 6,300 ரூபாய்.

இரண்டும் சென்னை போய்ச் சேர 2 மணி 50 நிமிடம் எடுத்துக்கொள்ளும்.

முருகன் சொன்னான்: "காலையில 6 மணிக்கு ஏறினா 8.50க்குச் சென்னை. ஆபரேஷன் 10 மணிக்குத்தானே? 1,500 ரூபாய் மிச்சம். காலை விமானமே போதும்."

கேட்கச் சரியாகத்தான் இருந்தது. 1,500 ரூபாய் சின்னப் பணம் இல்லை. ஆனால் செல்வி யோசித்தாள்.

"என்னங்க, விமானம் ஆஸ்பத்திரி வாசல்லயா இறங்கும்?" என்று கேட்டாள்.

நல்ல கேள்வி. இந்தப் பாடம் முழுவதும் அந்தக் கேள்வியைப் பற்றியதுதான்.

3. ஒரே ஊர், மூன்று தூரங்கள்

கவிதா தன் பள்ளி வரைபடப் புத்தகத்தை எடுத்தாள். இந்தியப் படத்தை விரித்தாள். தில்லி மேலே, வடக்கில் இருந்தது. சென்னை கீழே, தெற்கில் கடலோரம் இருந்தது. அளவுகோலை வைத்து அளந்தாள். 8.8 சென்டிமீட்டர் வந்தது.

படத்தின் ஓரத்தில் அளவு போட்டிருந்தது. 1 சென்டிமீட்டர் என்றால் 200 கிலோமீட்டர்.

8.8 × 200 = 1,760

ஆக, தில்லிக்கும் சென்னைக்கும் நேர்கோட்டில் 1,760 கிலோமீட்டர். இது வான்வழித் தூரம். பறவை எங்கும் திரும்பாமல் நேராகப் பறந்தால் இவ்வளவு தூரம் பறக்க வேண்டும்.

ஆனால் ரயில் நேர்கோட்டில் போவது இல்லை. புது தில்லியிலிருந்து சென்னை சென்ட்ரல் வரை தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஓடும் தூரம் 2,182 கிலோமீட்டர்.

2,182 - 1,760 = 422

நேர்கோட்டைவிட 422 கிலோமீட்டர் கூடுதல். ஏன்? ரயில் பாதை மலைகளைச் சுற்றிப் போகிறது. ஆற்றில் பாலம் கட்ட வசதியான இடம் பார்த்துக் கடக்கிறது. ஆக்ரா, குவாலியர், ஜான்சி, போபால், நாக்பூர், வாரங்கல், விஜயவாடா என்று பெரிய ஊர்களைத் தொட்டுக்கொண்டு போகிறது. அதனால் பாதை வளைகிறது. தூரம் கூடுகிறது.

சாலை வழியாகப் போனாலும் சுமார் 2,200 கிலோமீட்டர் வரும். எந்தச் சாலையில் போகிறோம் என்பதைப் பொறுத்து இது கூடும், குறையும்.

பார்த்தீர்களா? ஊர்கள் இரண்டுதான். ஆனால் தூரம் ஒன்று அல்ல. யாராவது தூரம் சொன்னால், "எந்த வழியில்?" என்று கேட்க வேண்டும்.

4. விமானத்தின் நேரம்

பெரிய பயணிகள் விமானம் தரையிலிருந்து சுமார் 10 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கிறது. அந்த உயரத்தில் அதன் வேகம் மணிக்கு 800 கிலோமீட்டருக்கு மேல் இருக்கும்.

மணிக்கு 800 கிலோமீட்டர் என்று வைத்துக் கணக்குப் போடுவோம்.

1,760 ÷ 800 = 2.2 மணி

அதாவது 2 மணி 12 நிமிடம். ஆனால் பயணச்சீட்டில் 2 மணி 50 நிமிடம் என்று இருக்கிறது. மீதி 38 நிமிடம் எங்கே போனது?

விமானம் நின்ற இடத்திலிருந்து உடனே பறப்பது இல்லை. முதலில் தரையில் மெதுவாக உருண்டு ஓடுபாதைக்குப் போகிறது. அங்கே வேறு விமானங்கள் வரிசையில் நிற்கும். தன் முறை வரும் வரை காத்திருக்கிறது. பிறகுதான் மேலே எழும்புகிறது.

மேலே ஏறும்போது முழு வேகம் இருக்காது. இறங்கும்போதும் வேகத்தைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். வானிலும் பாதைகள் உண்டு. கட்டுப்பாட்டு அறை சொல்லும் பாதையில்தான் விமானம் போக வேண்டும். அளவுகோல் வைத்த நேர்கோட்டில் போக முடியாது. இறங்கிய பிறகும் உருண்டு சென்று நிற்க வேண்டும்.

இவை எல்லாம் சேர்ந்ததுதான் சீட்டில் உள்ள நேரம். நின்ற இடத்தை விட்டு நகர்வது முதல், போய் நிற்பது வரை.

காற்றும் நேரத்தை மாற்றும். தில்லிக்கும் கொல்கத்தாவுக்கும் வான்வழித் தூரம் சுமார் 1,300 கிலோமீட்டர். போக வர ஒரே தூரம்தான். ஆனால் குளிர்காலத்தில் வடஇந்தியாவின் மேல் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காகப் பலமான காற்று வீசுகிறது. கொல்கத்தாவுக்குப் போகும் விமானத்தை அது பின்னாலிருந்து தள்ளுகிறது. தில்லிக்குத் திரும்பும் விமானத்தை எதிர்க்கிறது. அதனால் திரும்பி வரக் கூடுதல் நேரம் ஆகிறது. ஆற்றில் ஓடம் விட்டவர்களுக்கு இது எளிதில் புரியும்.

5. வாசலிலிருந்து வாசல் வரை

செல்வி ஒரு தாளை எடுத்தாள். பேனாவை எடுத்தாள். மாலை வகுப்பில் வரவு செலவு எழுதிப் பழகிய கை அது. இப்போது பணத்துக்குப் பதிலாக நேரத்தை எழுதினாள்.

முதலில் காலை விமானம்.

வீட்டிலிருந்து புறப்படுவது: அதிகாலை 2.45
தில்லி விமான நிலையம்: 4.00
விமானம் புறப்படுவது: 6.00
சென்னை சேர்வது: 8.50
பை எடுத்து வெளியே வருவது: 9.20
கிளாம்பாக்கம் பேருந்து நிலையம்: 10.00
பேருந்து புறப்படுவது: 10.30
விழுப்புரம்: பிற்பகல் 1.30
ஆஸ்பத்திரி: பிற்பகல் 2.00

ஆபரேஷன் 10 மணிக்கு. செல்வி போய்ச் சேர்வது 2 மணிக்கு. அம்மாவை ஆபரேஷன் அறைக்குள் கொண்டுபோகும்போது, செல்வி கிளாம்பாக்கத்தில் பேருந்துக்குக் காத்திருப்பாள்.

முருகன் தாளைப் பார்த்தான். எதுவும் பேசவில்லை.

பிறகு இரவு விமானம்.

வீட்டிலிருந்து புறப்படுவது: மாலை 6.15
தில்லி விமான நிலையம்: 7.30
விமானம் புறப்படுவது: 9.30
சென்னை சேர்வது: நள்ளிரவு 12.20
வெளியே வருவது: 12.50
கிளாம்பாக்கம் பேருந்து நிலையம்: 1.30
பேருந்து புறப்படுவது: 2.00
விழுப்புரம்: அதிகாலை 5.00
ஆஸ்பத்திரி: 5.30

இரண்டு பயணமும் 11 மணி 15 நிமிடம்தான். விமானத்தில் இருக்கும் நேரமும் ஒன்றுதான். ஆனால் ஒன்றில் அம்மாவைப் பார்க்கலாம். மற்றொன்றில் முடியாது.

"ராத்திரி விமானம்தான்" என்றாள் செல்வி. "1,500 ரூபாயை இன்னும் ரெண்டு மாசத்துல சம்பாதிச்சுக்கலாம்."

"நடு ராத்திரியில தனியா எப்படிப் போவே?" என்று கேட்டான் முருகன்.

தாம்பரத்தில் செல்வியின் பெரியப்பா மகன் ஆட்டோ ஓட்டுகிறார். செல்வி அவருக்குப் போன் செய்தாள்.

"நீ வாம்மா. நான் விமான நிலைய வாசல்ல நிற்கிறேன். பஸ்ஸுல உட்கார வெச்சுட்டுத்தான் வீட்டுக்குப் போவேன்" என்றார் அண்ணன்.

முருகனுக்கு மனம் ஆறியது.

6. பின்னால் இருந்து எண்ணுவது

அவசரப் பயணத்துக்கு இன்னொரு முறையிலும் கணக்குப் போடலாம். போய்ச் சேர வேண்டிய நேரத்தை முதலில் எழுதுங்கள். அதிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்.

செல்வி காலை 9 மணிக்காவது ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். சென்னையில் இறங்கியதிலிருந்து ஆஸ்பத்திரி வரை 5 மணி 10 நிமிடம் ஆகிறது.

காலை 9.00 மணியிலிருந்து 5 மணி 10 நிமிடம் பின்னால் போனால், அதிகாலை 3.50. அதற்குள் சென்னையில் இறங்க வேண்டும்.

அதிலிருந்து 2 மணி 50 நிமிடம் பின்னால் போனால், நள்ளிரவு 1.00. அதற்குள் தில்லியிலிருந்து விமானம் புறப்பட வேண்டும்.

1 மணிக்குப் பிறகு புறப்படும் எந்த விமானமும் செல்விக்கு உதவாது. கட்டணம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் உதவாது.

7. பயணச்சீட்டைப் படிப்போம்

கவிதா சீட்டு எடுக்கத் தொடங்கினாள். பெயர் என்ற இடத்தில் "செல்வி" என்று எழுதினாள்.

"நில்லு" என்றாள் அம்மா. தன் ஆதார் அட்டையைக் கொண்டுவந்தாள். எழுத்துக் கூட்டிப் படித்தாள். அதில் "தமிழ்ச்செல்வி" என்று இருந்தது. வீட்டில் கூப்பிடும் பெயர் வேறு. அட்டையில் இருக்கும் பெயர் வேறு. கவிதா பெயரை மாற்றினாள்.

இது முக்கியம். சீட்டில் உள்ள பெயரும் அடையாள அட்டையில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வாசலிலேயே நிறுத்திவிடக்கூடும்.

சீட்டு போனில் வந்தது. புறப்படும் நேரம் 21:30 என்று இருந்தது. சேரும் நேரம் 00:20 என்று இருந்தது.

"இது என்ன நேரம்?" என்று கேட்டாள் செல்வி.

ரயில் சீட்டிலும் விமானச் சீட்டிலும் நேரத்தை 24 மணிக் கணக்கில் எழுதுகிறார்கள். நடுப்பகல் 12 மணிக்குப் பிறகு 13, 14, 15 என்று போகும். 13 மணி முதல் 23 மணி வரை, அதிலிருந்து 12ஐக் கழித்தால் நமக்குப் பழக்கமான நேரம் கிடைக்கும்.

21:30 - 12:00 = 9.30

ஆக, இரவு 9.30 மணி.

நள்ளிரவு 12 மணியை 00:00 என்று எழுதுவார்கள். 00:20 என்றால் நள்ளிரவு 12 மணி 20 நிமிடம். அப்போது தேதி மாறிவிடும். செல்வி புறப்படுவது புதன்கிழமை. இறங்குவது வியாழக்கிழமை.

இந்த இடத்தில் ஏமாந்துவிடாதீர்கள். ஒரு சீட்டில் "12ஆம் தேதி, 00:30 மணி" என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 12ஆம் தேதி இரவு சாப்பிட்டுவிட்டுப் போனால், அந்த விமானம் முதல் நாள் நள்ளிரவே போயிருக்கும். 11ஆம் தேதி இரவே விமான நிலையத்தில் இருக்க வேண்டும். ரயிலுக்கும் இதே விதிதான்.

வெளிநாட்டுச் சீட்டில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். அதில் ஒவ்வோர் ஊருக்கும் அந்தந்த ஊர் நேரம்தான் இருக்கும். துபாய் நேரம் இந்திய நேரத்துக்கு 1 மணி 30 நிமிடம் பின்னால் இருக்கிறது. அதனால் சும்மா கழித்துப் பார்த்தால் பயண நேரம் தவறாக வரும். இந்தியாவுக்குள் அந்தக் கவலை இல்லை. நாடு முழுவதும் ஒரே நேரம்தான்.

8. விமான நிலையத்தில்

செல்வி 7.30 மணிக்கு விமான நிலையம் போய்ச் சேர்ந்தாள். முருகன் வாசல் வரை வந்தான். தில்லி விமான நிலையத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட முனையங்கள் உண்டு. ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் நடுவே சில கிலோமீட்டர் தூரம்கூட இருக்கும். எந்த முனையம் என்பது சீட்டில் இருக்கும். அதைப் பார்த்துவிட்டுத்தான் வண்டி ஏற வேண்டும். செல்வி பார்த்து வைத்திருந்தாள்.

வாசலில் மத்திய தொழிற் பாதுகாப்புப் படை வீரர் நின்றார். சீட்டையும் ஆதார் அட்டையையும் பார்த்தார். உள்ளே விட்டார்.

உள்ளே கவுண்டரில் பையைக் கொடுத்தாள். போர்டிங் பாஸ் என்ற சீட்டைக் கொடுத்தார்கள். அதில் இருக்கை எண்ணும், ஏற வேண்டிய வாயில் எண்ணும் இருந்தன. பல நிறுவனங்களில், விமானம் புறப்படுவதற்கு 1 மணி நேரம் முன்பே இந்தக் கவுண்டரை மூடிவிடுவார்கள். அதன் பிறகு வந்தால் ஏற்றமாட்டார்கள். விமானம் கண்ணெதிரே நின்றாலும் ஏற்றமாட்டார்கள். அதனால்தான் 2 மணி நேரம் முன்பே வரச் சொல்கிறார்கள்.

பிறகு சோதனை. போனையும் கைப்பையையும் ஒரு தட்டில் வைத்தாள். கைப்பையில் பழம் நறுக்கும் கத்தி ஒன்று இருந்தது. அதை எடுத்து வைத்துக்கொண்டார்கள். கத்தி, பிளேடு, தீப்பெட்டி போன்றவற்றைக் கைப்பையில் கொண்டுபோகக் கூடாது.

வாயில் எண் 41 என்று சீட்டில் இருந்தது. செல்வி 41ஆம் வாயிலில் போய் உட்கார்ந்தாள். சிறிது நேரம் கழித்துச் சுவரில் இருந்த பெரிய பலகையைப் பார்த்தாள். தன் விமானத்தின் எண்ணுக்கு நேரே 44 என்று மாறியிருந்தது. எழுந்து நடந்தாள். படிக்கத் தெரியாத நாளாக இருந்திருந்தால் 41லேயே உட்கார்ந்திருப்பாள்.

விமானம் 25 நிமிடம் தாமதம் என்று அறிவித்தார்கள். செல்வி தன் தாளை எடுத்துப் பார்த்தாள். 5.30க்கு 25 நிமிடம் கூட்டினாள். 5.55. பரவாயில்லை. 10 மணிக்கு இன்னும் 4 மணி நேரம் இருக்கிறது. கையில் கொஞ்சம் நேரம் மிச்சம் வைத்தது நல்லதாகப் போயிற்று.

9. அம்மாவின் கட்டில் அருகே

அண்ணன் சொன்னபடி வாசலில் நின்றார். பேருந்தில் ஏற்றிவிட்டார். செல்வி தூங்கவில்லை.

காலை 6 மணிக்கு ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தாள். தம்பி ஓடி வந்து பையை வாங்கிக்கொண்டான். அம்மா கண் மூடிப் படுத்திருந்தார். செல்வி கையைத் தொட்டாள். அம்மா கண் திறந்தார்.

"வந்துட்டியா? நேத்துதானே சொன்னாங்க? அவ்வளவு தூரத்துல இருந்து எப்படிம்மா வந்தே?"

"பறந்து வந்தேன்மா" என்றாள் செல்வி.

அம்மா சிரித்தார். பிறகு அழுதார். செல்வி தலையை வருடிக் கொடுத்தாள். அம்மாவின் சர்க்கரை அளவைப் பற்றி டாக்டர் கேட்டார். செல்வி மாத்திரைச் சீட்டைப் படித்துப் பதில் சொன்னாள். 10 மணிக்கு அம்மாவை உள்ளே கொண்டுபோனார்கள். கதவு வரை செல்வியின் கையை அவர் விடவில்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது.

10. திரும்பும் வழி

மூன்று வாரம் கழித்து அம்மா ஊன்றுகோல் பிடித்து நின்றார். செல்வி தில்லிக்குத் திரும்பினாள். இப்போது அவசரம் இல்லை. ரயிலில் தூங்கும் வசதிப் பெட்டியில் சீட்டு எடுத்தாள். விமானத்தைவிடச் செலவு மிகக் குறைவு.

ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள். போகும்போது இருட்டில் ஒன்றும் தெரியவில்லை. இப்போது நாடே கண் முன்னால் ஓடியது. நெல்லூரில் பெண்ணாறு. விஜயவாடாவில் கிருஷ்ணா. வாரங்கலைத் தாண்டிய பிறகு கோதாவரி. போபாலுக்கு முன்னால் நர்மதா. ஜான்சிக்கு முன்னால் பேட்வா. ஆக்ராவுக்கு முன்னால் சம்பல். எதிரே இருந்த பள்ளி மாணவன் ஆறுகளின் பெயரைச் சொன்னான். செல்வி தாளில் எழுதிக்கொண்டாள். தூங்கும்போது கடந்த ஆற்றைக் காலையில் கேட்டு எழுதினாள்.

ரயில் 2,182 கிலோமீட்டரை 33 மணி நேரத்தில் கடக்கிறது.

2,182 ÷ 33 = சுமார் 66

அதாவது நின்று நின்று போனாலும், மணிக்குச் சராசரியாக 66 கிலோமீட்டர்.

விமானம் வானில் மணிக்கு 800 கிலோமீட்டர். ஆனால் தில்லி வீட்டு வாசலிலிருந்து விழுப்புரம் ஆஸ்பத்திரி வரை செல்வியின் 11 மணி 15 நிமிடத்துக்குக் கணக்குப் போட்டால், மணிக்குச் சுமார் 170 கிலோமீட்டர்தான் வரும்.

ஆகவே விமானம்தான் உயர்ந்தது, ரயில் தாழ்ந்தது என்று இல்லை. அம்மா காத்திருந்தபோது விமானம் உதவியது. பணம் மிச்சப்பட வேண்டியபோது ரயில் உதவியது. எது வேண்டும் என்று முடிவு செய்யக் கணக்கு உதவியது.

தெரிந்துகொள்ளுங்கள்

1932ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள் ஜே.ஆர்.டி. டாட்டா ஒரு சிறு விமானத்தில் கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாகப் பம்பாய் வந்தார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் என்பவர் பெல்லாரி வழியாகச் சென்னைக்கு விமானம் ஓட்டி வந்தார். அந்த விமானங்களில் வந்தவை தபால் மூட்டைகள். கடிதங்கள் முதலில் பறந்தன. மக்கள் பிறகு பறந்தார்கள்.

தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ரயில் 1976ஆம் ஆண்டு ஓடத் தொடங்கியது.

நினைவில் வையுங்கள்

1. தூரம் கேட்கும்போது, வான்வழியா, ரயில் வழியா, சாலை வழியா என்று கேளுங்கள்.

2. நேரத்தை வாசலிலிருந்து வாசல் வரை எண்ணுங்கள்.

3. போய்ச் சேர வேண்டிய நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணிப் பாருங்கள்.

4. தாமதத்துக்கு என்று கொஞ்சம் நேரம் மிச்சம் வையுங்கள்.

5. சீட்டில் பெயர், தேதி, நேரம், முனையம் ஆகிய நான்கையும் நீங்களே படித்துப் பாருங்கள்.

6. விமானக் கட்டணமும் கால அட்டவணையும் மாறக்கூடியவை. புறப்படும் முன் மறுபடி பாருங்கள்.

பயிற்சி

விடை சொல்லுங்கள்:

1. காலை விமானம் வேண்டாம் என்று செல்வி ஏன் சொன்னாள்?

2. ரயில் வழித் தூரம் வான்வழித் தூரத்தைவிட ஏன் கூடுதலாக இருக்கிறது?

3. சீட்டில் "தமிழ்ச்செல்வி" என்று ஏன் எழுதினார்கள்?

4. செல்வியின் இடத்தில் நீங்கள் இருந்தால் 1,500 ரூபாயைப் பற்றி என்ன முடிவு செய்வீர்கள்? ஏன்? வகுப்பில் பேசுங்கள்.

கணக்குப் போடுங்கள்:

5. வரைபடத்தில் மும்பைக்கும் கொல்கத்தாவுக்கும் இடையே 8.3 சென்டிமீட்டர். 1 சென்டிமீட்டர் 200 கிலோமீட்டர் என்றால் வான்வழித் தூரம் எவ்வளவு?

6. சீட்டில் 17:45 என்று இருக்கிறது. அது என்ன நேரம்?

7. ஒரு விமானம் 5ஆம் தேதி 23:15 மணிக்குப் புறப்படுகிறது. பயண நேரம் 2 மணி 10 நிமிடம். எந்தத் தேதியில், எத்தனை மணிக்குச் சேரும்?

செய்து பாருங்கள்:

8. உங்கள் சொந்த ஊருக்குப் போக வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். செல்வியைப் போல ஒரு தாளில் வாசலிலிருந்து வாசல் வரை நேரத்தை எழுதுங்கள். வீட்டில் உள்ளவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள்.

கணக்குகளின் விடைகள்: 5) 1,660 கிலோமீட்டர். 6) மாலை 5.45. 7) 6ஆம் தேதி, அதிகாலை 1.25.